முடி கொட்டும் நாய்: மருந்து டப்பாவைத் திறக்கும் முன்...

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் தோட்டத்து வீடுகளில் இந்தப் புலம்பல் ஆரம்பித்துவிடும். திண்ணையில் நாய் முடி, கயிற்றுக் கட்டிலில் நாய் முடி, களத்தில் காயப்போட்ட நெல்லில் நாய் முடி. சில நாள் சாப்பாட்டுத் தட்டிலும் ஒன்றிரண்டு கிடக்கும். ஒரு நாளைக்கு மூன்று முறை பெருக்கினாலும் தீராது. "சீக்கு நாய், கொண்டுபோய் எங்காவது விட்டுட்டு வாங்க" என்பார் வீட்டுப் பெரியவர். "மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தையே இதுக்கும் அடிச்சு விடுங்க, சரியாயிடும்" என்பார் பக்கத்துத் தோட்டக்காரர். பல வீடுகளில் நடப்பது இரண்டாவதுதான். ஆட்டுப்பட்டிக்கும் கோழிக்கூண்டுக்கும் பல வருடம் காவல் இருந்த நாய் அன்று இரவே வாயில் எச்சில் ஒழுக நடுங்கிச் செத்துப்போவதும் உண்டு.

முடி கொட்டிய நாய்க்கு அந்த மருந்து தேவையா என்பதே பெரும்பாலும் பார்க்கப்படுவதில்லை.

எது இயல்பு, எது நோய்?

நாயின் ஒவ்வொரு முடியும் கொஞ்ச காலம் வளரும், கொஞ்ச காலம் ஓய்வில் நிற்கும், பிறகு உதிரும். உதிர்ந்த இடத்தில் புது முடி முளைக்கும். குளிர் நாடுகளில் பகல் நீளும்போதும் குறையும்போதும் இது மொத்தமாக நடக்கிறது. நம் ஊரில் பகல் நேரம் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும், கோடையின் தொடக்கத்தில் கூடுதலாகத் தெரியும். குட்டி போட்ட பெட்டை நாய்க்கு இரண்டு மூன்று மாதத்தில் மேல்முடி பெரும்பகுதி உதிர்ந்து நாய் மெலிந்ததுபோல் ஆகிவிடும். பால் மறந்து நல்ல தீனி கிடைத்தால் தானாகவே திரும்ப வந்துவிடும்.

குட்டை முடி நாய் என்றால் கொட்டாது என்று நினைப்பது தவறு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே கொட்டும். முடி குட்டையாக, விறைப்பாக இருப்பதால் துணியில் ஊசிபோல் ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ஸ்பிட்ஸ் போன்றவற்றுக்கு மேல்முடிக்கு அடியில் பஞ்சுபோல் இன்னொரு அடுக்கு உண்டு. அதைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கலாம்போல் வந்துவிடும். ஸ்பிட்ஸைத்தான் நம் ஊரில் பொமரேனியன் என்கிறார்கள். இப்படிப்பட்ட நாய்களுக்கு வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று மொட்டை அடித்துவிடுவது வேண்டாத வேலை. அந்த முடிதான் தோலுக்கு நிழல். மழித்த பிறகு சில நாய்களுக்கு முடி திட்டுத் திட்டாகத்தான் திரும்ப வளர்கிறது.

இயல்பாகக் கொட்டும் நாய்க்கு எவ்வளவு முடி உதிர்ந்தாலும் உடம்பில் வழுக்கை தெரியாது. விரலால் முடியை விலக்கிப் பார்த்தால் தோல் சுத்தமாக, செதில் இல்லாமல், நாற்றம் இல்லாமல் இருக்கும். நாய் ஓயாமல் சொறியாது. ராஜபாளையம் நாய்க்குத் தோலே இளஞ்சிவப்பு என்பதால் சிவந்திருக்கிறது என்று பயப்படவும் வேண்டாம், உண்மையிலேயே சிவந்தால் கவனிக்காமல் விடவும் வேண்டாம். வயிற்றுப் பக்கத் தோலையும் அக்குள் தோலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வட்ட வட்டமாக முடி போவது, வால் அடியில் மட்டும் போவது, காது ஓரம் பொருக்குத் தட்டுவது, இரவெல்லாம் சொறிவது ஆகியவை நோயின் அடையாளங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய இரண்டு சோதனைகள்

பேன் சீப்பை எடுத்து நாயின் வால் அடியிலும் முதுகிலும் வாரினால் முடியோடு கருப்பு மணல்போல் துகள் வரும். அதை நனைத்த வெள்ளைத் துணியில் கொட்டி லேசாகத் தேய்க்க வேண்டும். சாதாரண மண் என்றால் மண் நிறமே இருக்கும். செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது நாயின் ரத்தம். தெள்ளு ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டாலும் நாய்மேல் தெள்ளு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சோதனை சொறிக்கு. நாயின் காது மடல் ஓரத்தை விரல்களுக்கு நடுவில் வைத்து மெதுவாகத் தேய்த்தால், சொறி உண்ணி பிடித்த நாய் தன்னை அறியாமல் பின்னங்காலால் காற்றில் சொறியத் தொடங்கும். எல்லா நாயும் இப்படிச் செய்யாது, ஆனால் செய்தால் கால்நடை மருத்துவரிடம் போக அதுவே போதுமான காரணம். இந்தச் சொறி மனிதருக்கும் ஒட்டும். நாயைக் கட்டிக்கொண்டு தூங்கும் பிள்ளைக்குக் கை, வயிறு, தொடையில் அரிப்புப் பொரிகள் வந்திருந்தால், பிள்ளையைப் பார்க்கும் மருத்துவரிடம் நாய்க்குச் சொறி இருப்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளைக்குக் களிம்பு மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வட்டமாக முடி போகும் படர்தாமரையும் அப்படியே, கன்றுக்குட்டிக்கும் குழந்தைக்கும் ஒட்டக்கூடியது.

குட்டிகளுக்குக் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் அரிப்பே இல்லாமல் முடி போவது வேறு வகைச் சொறி. அது தாயிடமிருந்து பிறந்த சில நாளில் வருவது, மனிதருக்கு ஒட்டாது. வயதான நாய் கொழுத்து, சோம்பி, இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி இழந்தால் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்தால் தெரியும்.

உண்ணி இருக்கும் இடம்

மாட்டு உண்ணியையும் நாய் உண்ணியையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம். மாட்டில் அதிகம் காணப்படும் உண்ணி குஞ்சாக ஏறினால் பெரிதாகும்வரை அதே மாட்டின்மேல் இருக்கும். ஆகவே மாட்டுக்கு மருந்து அடித்தால் பலன் தெரிகிறது. நாயின் பழுப்பு உண்ணி அப்படி இல்லை. குஞ்சுப் பருவத்தில் ஒருமுறை, இளம் பருவத்தில் ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை என்று மூன்று தடவை ஏறி ரத்தம் குடித்து, ஒவ்வொரு தடவையும் கீழே விழுந்துவிடும். விழுந்தது சுவர் ஏறும். சுண்ணாம்பு உதிர்ந்த விரிசல், கதவு நிலை, சாக்கு, கூரை ஓலை என்று ஒளிந்துகொள்ளும். பெண் உண்ணி அங்கேதான் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். பட்டினியாகவே மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதனால் முடியும். நாய்மேல் தெரிவது கொஞ்சம், மீதி சுவரில். நாயை மட்டும் வாரா வாரம் மருந்தில் நனைத்தால் உண்ணியும் ஒழியாது, நாயின் உடம்பிலும் நஞ்சு ஏறும்.

முதல் வேலை நாய் படுக்கும் இடம். பழைய சாக்கை எரித்துவிட்டு, சுவர் விரிசலைச் சிமெண்ட் கொண்டு அடைத்து, சுண்ணாம்பு அடித்து, தரையை வெயில் படும்படி வைக்க வேண்டும். நாய்மேல் இருப்பவற்றைத் தலையோடு சேர்த்துப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புக் கரைசலில் போடலாம். விரலால் நசுக்கக் கூடாது. உண்ணி கடித்த நாய் தீனி எடுக்காமல், ஈறு வெளுத்து, காய்ச்சலாகக் கிடந்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். முடியைப் பற்றிய கவலை அப்புறம்.

பயிருக்கு அடிப்பது நாய்க்கு ஆகாது

குளோர்பைரிபாஸ், புரபனோபாஸ், டைமெத்தோயேட் போன்ற பயிர் மருந்துகளை நாய்மேல் ஊற்றுவது கிராமங்களில் இன்னும் நடக்கிறது. தோல் வழியே ஏறும், நாய் உடம்பை நக்குவதால் வாய் வழியேயும் ஏறும். எச்சில் ஒழுகுதல், வாந்தி, நடுக்கம், கண் பாப்பா ஊசி முனைபோல் சுருங்குதல், மூச்சுத் திணறல் என்று தொடங்கும். உடனே கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போக வேண்டும். டப்பாவில் இருக்கும் பெயரைப் பார்த்தால்தான் மருத்துவர் மாற்று மருந்து எதுவென்று முடிவு செய்ய முடியும். வழியில் மோர், உப்புத் தண்ணீர் எதுவும் ஊற்ற வேண்டாம்.

பழைய எஞ்சின் ஆயில் பூசுவதும் மண்ணெண்ணெய் தேய்ப்பதும் இதே ரகம். ஆயில் பூசினால் சொறி போகிறது என்பார்கள். நாய் அதை நக்கி உள்ளே தள்ளுவதையும், மண்ணெண்ணெயில் தோல் வெந்து முடி இன்னும் கொட்டுவதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

மாட்டுக்கான டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் மருந்துகளை மருத்துவர் நாய்க்கும் எழுதித் தருவது உண்டு. ஆனால் அளவும் கலக்கும் விதமும் வேறு, மூன்று மாதம் ஆகாத குட்டிக்கு இன்னும் வேறு. டெல்டாமெத்ரின் வகை மருந்து போட்ட நாயைக் குளத்தில் இறக்கினால் மீன் சாகும். அதே குடும்பத்தைச் சேர்ந்த பெர்மெத்ரின் நாய்க்கு ஆகும், ஆனால் அந்த நாயோடு ஒட்டிப் படுக்கும் வீட்டுப் பூனையைக் கொல்லும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்குப் போட்டுவிடுவதும் ஆபத்து. அது மாட்டின் எடைக்கு ஏற்ற அடர்த்தி. கோலி போன்ற மேய்ப்பு இன நாய்களும் அவற்றின் கலப்புகளும் மற்ற நாய் தாங்கும் அளவைக்கூடத் தாங்காமல் போகலாம். இப்போது எடை பார்த்துக் கொடுக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. மாதம் ஒன்று, சில வகை மூன்று மாதத்துக்கு ஒன்று. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் நல்ல காவல் நாய்க்கு இந்தச் செலவு செய்யலாம்.

தீனியும் குளியலும்

முடி என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம். அரிசிச் சோறும் மோரும் மட்டும் தின்று வளரும் நாய்க்கு அந்தப் புரதம் எங்கிருந்து வரும்? வாரத்தில் சில நாள் வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், கோழிக் குடல் ஈரல் வேகவைத்தது, குழைய வேகவைத்த பருப்பு என்று சோற்றோடு சேர்த்தால் இரண்டு மாதத்தில் முடியின் பளபளப்பில் வித்தியாசம் தெரியும். ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயும் சேர்க்கலாம். கருவாடு என்றால் உப்பு போக ஊறவைத்த பிறகுதான். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை மாடு தின்னாது என்று நாய்க்குப் போடும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட வேண்டும், அதில் உள்ள நஞ்சு நாயின் ஈரலைக் கெடுத்துவிடும். குடற்புழு மருந்தை எடைக்கேற்பக் கொடுத்து வருவதும் இதில் சேர்த்தி.

குளிப்பாட்டுவது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். நாயின் தோல் மனிதத் தோலைப்போல் புளிப்புத் தன்மை உடையது அல்ல. துணி சோப்பும் நம் ஷாம்பூவும் அதை வறட்டி, செதில் தட்டி, முடியை இன்னும் கொட்ட வைக்கும். நாய்க்கென்று விற்பதை வாங்கி, நுரை போக நன்றாக அலச வேண்டும்.

தினமும் காலையில் ஐந்து நிமிடம், வீட்டுக்கு வெளியே, முடி போகும் திசையில் வாருவதுதான் எல்லாவற்றிலும் மலிவான வைத்தியம். வீட்டுக்குள் விழ வேண்டிய முடி சீப்போடு வந்துவிடும், உண்ணியும் புண்ணும் அன்றைக்கே கண்ணில் படும். குட்டை முடி நாய்க்கு ரப்பர் பற்கள் உள்ள பிரஷ், நீள முடிக்கு இரும்புப் பல் சீப்பு. நல்ல தோல் உள்ள நாயின் முடியை எருக்குழியில் போடலாம், முடியில் தழைச்சத்து சுமார் 15 சதவீதம் இருக்கிறது. மட்க மெதுவாகத்தான் மட்கும். படர்தாமரையோ சொறியோ உள்ள நாயின் முடியையும், மருந்து போட்ட நாயின் முடியையும் அதில் சேர்க்காமல் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

மருந்தகத்துக்குப் போகும்போது எப்போதிலிருந்து கொட்டுகிறது, என்ன தீனி, இதுவரை எதைத் தடவினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆயில் பூசியதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தால் தோலைச் சுரண்டிப் பார்க்கும் பரிசோதனையில் சரியான விடை வராமல் போகலாம். வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தால் அதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். சொறிக்கு வைத்தியம் தொடங்கியதும் ஒன்றிரண்டு வாரத்தில் அரிப்பு அடங்கும். அதோடு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. முடி மூடி வர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.