குழுச் சிகிச்சையும் சபையின் அமானிதமும்

ஒரே வகைத் துயரைச் சுமப்போர் ஒருவருக்கொருவர் மருந்தாக முடியும் என்பதே குழுச் சிகிச்சையின் அடிப்படை. 1905ஆம் ஆண்டு பாஸ்டன் நகர மருத்துவர் ஜோசப் பிராட், ஏழைக் காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றுகூட்டி, நோயைக் குறித்து விளக்கலானார். ஒருவர் தேறிவருவதைக் கண்டு மற்றவர் நம்பிக்கை கொள்வதை அவர் அங்கே கண்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய இராணுவ மருத்துவமனைகளில் இம்முறை மேலும் விரிவு பெற்றது.

குழுவில் சேருமுன் ஆற்றுப்படுத்துநர் ஒவ்வொருவரையும் தனியே சந்தித்துப் பேசுவார். பெரும்பாலும் ஆறு முதல் பத்துப் பேர் வட்டமாக அமர்வர். வாரம் ஒருமுறை, ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் அமர்வு நடைபெறும். முதல் சில அமர்வுகளில் தயக்கமும் சங்கடமும் இயல்பே. பேசுமாறு எவரும் நிர்ப்பந்திக்கப்படுவதில்லை, செவிமடுப்பதும் பங்கேற்பே. 'எனக்கு மட்டுமன்று' என்ற உணர்வு முதலில் ஆறுதல் தருகின்றது. பின்னர், பிறருக்கு உதவும்போது தம் மதிப்பை மீண்டும் உணர்கின்றனர். வீட்டில் ஒருவர் பழகும் முறையே குழுவிலும் வெளிப்படுவதால், அதனைக் கண்டு திருத்திக்கொள்ளவும் வாய்ப்புண்டு. கடும் மனக்குழப்பத்தில் இருப்போருக்கு முதலில் தனிச் சிகிச்சையே ஏற்றது. மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது.

இனி நம் ஊர்களை நோக்குவோம். இராஜபாளையத்தின் நூற்பாலைகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூரின் தெருக்களிலும் முகமறியாதவர் குறைவு. ஒருவர் சொல்லும் துயரம் மறுநாள் கடைவீதியிலோ, பெண் பார்க்கும் பேச்சிலோ வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சமே பலரைத் தடுக்கின்றது. இவ்வச்சத்தை அறியாமை என ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் ஊரறிய நடைபெறும் சிகிச்சைக்கும் தமிழகத்தில் முன்மாதிரி உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை, 1989 முதல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் மதுநோயாளிகளுக்குச் சிகிச்சை முகாம்களை நடத்தியது. குழு அமர்வுகள் அவற்றின் முக்கிய அங்கம்; குடும்பத்தினருக்கும் தனியே ஆலோசனை வழங்கப்பட்டது. அறிந்தவர்களே சூழ்ந்திருப்பது, மீண்டவருக்குத் துணையாகவும் அமையலாம் என்பதை இம்முயற்சி உணர்த்துகின்றது.

அத்துணை வாய்ப்பதற்கு இரகசியம் காக்கப்படவேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை அளிப்போரை இரகசியம் காக்கக் கட்டாயப்படுத்துகின்றது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளே விதிவிலக்கு. ஆனால் சிகிச்சை அளிப்போர்க்கு அச்சட்டம் விதிக்கும் கடமை, வட்டத்தில் அமர்ந்திருக்கும் சக பங்கேற்பாளருக்கு இல்லை. அவர்களுக்கிடையே நிற்பது, முதல் நாளில் அவர்கள் அளிக்கும் வாக்குறுதியே. சபையில் பேசப்படுவது அமானிதம் என அறிந்த நமக்கு இது புதிய நெறியன்று. புறம்பேசுதலின் தீங்கையும் நாம் அறிவோம்.

எனவே குழுவில் சேர விழைவோர் இரகசிய விதி யாது, அதனை மீறுவோர் மீது என்ன நடவடிக்கை, உறவினர் எவரேனும் அதே குழுவில் உள்ளனரா என்பவற்றை முன்னரே கேட்டறிதல் நன்று. இராஜபாளையத்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மதுரையிலோ நடைபெறும் குழுவை நாடுவதிலும் தவறில்லை. 2022இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்து வழிகாட்டுதல் பெறலாம். குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு: அமர்வு முடிந்து வீடு திரும்புபவரிடம், அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று வினவாதிருத்தல்.