கதவுக்குள் இறங்கும் மழை: அன்றும் இன்றும்

மழை விட்ட பிறகும் கார்க் கதவின் அடிவிளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். சொட்டத்தான் வேண்டும். கண்ணாடி ஏறி இறங்க மேலே ஓர் இடுக்கு தேவை. அங்குள்ள ரப்பர் பீடிங் பெரும்பகுதி நீரை வழித்து வெளியே தள்ளும். மிச்சம் கண்ணாடியோடு கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியேறும். அந்த நீர்வழியை ஒட்டித்தான் நாம் ஸ்பீக்கரை மாட்டுகிறோம்.

அம்பாசடர், பத்மினி கார்களின் காலத்தில் இந்தக் கவலை குறைவு. ரேடியோ டாஷ்போர்டில் இருக்கும்; ஸ்பீக்கர் அதன் பக்கத்திலோ, பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையிலோ இருக்கும். அங்கே அதைக் கெடுத்தது வெயில். கேசட் பிளேயர் பரவி, இடமும் வலமும் தனித்தனியாக ஒலிக்க வேண்டும் என்ற ஆசை வந்தபோது ஸ்பீக்கர் கதவுக்கு இறங்கியது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற இடங்களில் கதவின் உள்மூடியான டோர் பேடை வட்டமாக வெட்டிப் பொருத்திக் கொடுத்தார்கள்.

ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பான கோன் அன்று பெரும்பாலும் காகிதம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காகிதம் ஈரம் குடித்துக் கனக்கும், உலரும்போது நெளியும். கோனின் விளிம்பில் இருந்த பாலியூரித்தேன் ஃபோம் ஈரத்திலும் சூட்டிலும் நாள்பட நைந்து, விரல் பட்டாலே உதிரும். ஃபெரைட் காந்தம் ஒரு பீங்கான் வகை; துருப்பிடிக்காது. அதை மேலும் கீழும் பிடித்திருக்கும் இரும்புத் தகடுகள் துருப்பிடிக்கும். கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயிலின் இருபுறமும் உள்ள இடைவெளியோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குள் ஒரு துகள் துரு விழுந்தால் போதும், பாட்டோடு சேர்ந்து கரகரப்பும் வரும். பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம், தூத்துக்குடி என்று உப்புக்காற்று வீசும் இடங்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஆனால் அன்று பழுது பார்க்க முடிந்தது. காயிலும் கோனும் மாற்றித் தரும் கைவினைஞர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். நல்ல மெக்கானிக் கெட்டியான பாலித்தீன் துண்டு ஒன்றை ஸ்பீக்கரின் முதுகுக்கு மேலே வாசல் சார்ப்பு மாதிரி சாய்த்து ஒட்டிவிடுவார். செலவே இல்லாத வேலை. அந்தக் கைப்பழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இன்று பொருள்கள் மாறிவிட்டன. பிபிசியின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றி, 1977-இல் ஹார்பெத் ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய டட்லி ஹார்வுட் பாலிப்ரொப்பிலீன் கோனுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர். வீட்டு ஸ்பீக்கருக்காகப் பிறந்த அந்தப் பிளாஸ்டிக், ஈரத்தைக் குடிக்காத குணத்தால் கார்க் கதவுக்கும் பொருந்திப்போனது. விளிம்பு ரப்பராயிற்று, பல கார்களில் ஸ்பீக்கரின் கூடும் பிளாஸ்டிக். 1980-களில் வந்த நியோடிமியம் காந்தம் எடையைக் குறைத்தது. ஆனால் ஃபெரைட்டைப் போல் அது ஈரத்தைத் தாங்காது. அதனால்தான் அதன் மேல் நிக்கல் பூச்சு. பூச்சு பெயர்ந்தால் உள்ளே அரித்துப் பொடியாகிவிடும்.

இவ்வளவு முன்னேறியும் மழைக்காலத்தில் கதவு ஸ்பீக்கர் போகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் தாளை. ஈரமான பக்கத்தையும் நாம் உட்காரும் பக்கத்தையும் பிரிப்பது பாலித்தீனிலோ ஃபோமிலோ ஆன அந்தத் தாள்தான். கறுப்பான பியூட்டில் பசையால் விளிம்பு முழுக்க ஒட்டியிருப்பார்கள். புது ஸ்பீக்கர் மாட்ட வரும் அவசரக் கைகள் அதைக் கிழிக்கின்றன, அல்லது பாதி ஒட்டிவிட்டு மூடிவிடுகின்றன. பிறகு வயர் கப்ளரில் பச்சைக் களிம்பு பூக்கும், காலடிக் கார்பெட் ஈரமாகும். காரின் சொந்தக்காரரோ முன்கண்ணாடியில் ஒழுகுகிறது என்று நினைத்து அதற்குச் செலவு செய்துகொண்டிருப்பார். ஸ்பீக்கருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர் அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பசை காய்ந்திருந்தால் புது பியூட்டில் நாடா வாங்கி ஒட்டச் சொல்ல வேண்டும்.

ஸ்பீக்கரை முழுதாக மூடும் ஃபோம் கிண்ணங்கள் இப்போது விற்கின்றன. அப்படியே மாட்டினால் தண்ணீர் அதிலேயே தேங்கும். பேஸ் ஒலியும் அடங்கிப்போகும். மேல்பாதியை மட்டும் விட்டு, அடியையும் பின்பக்கத்தையும் வெட்டிவிட்டால் பழைய மெக்கானிக்கின் பாலித்தீன் துண்டு செய்த வேலையை அது செய்யும். வயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றி இணைத்தால், வழியும் நீர் டெர்மினலுக்குப் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும். இடுக்குகளை அடைக்கச் சிலிக்கோன் பசை பூசும்போது கவனம் தேவை. வினிகர் வாசனை அடிக்கும் வகை அமிலம் விடும், உலோகத்தை அரிக்கும். நியூட்ரல் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அடியில் துருத்தடுப்புக் கோட்டிங் அடிப்பவர்கள் கதவின் வடிகால் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிடுவது இன்னொரு கொடுமை. மெல்லிய கம்பி ஒன்றால் குத்தித் திறந்துவிடலாம்.

வெள்ளம் மட்டும் வேறு கணக்கு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீருக்குள் நின்ற கார்களுக்கு இந்தத் தாளும் வடிகாலும் எதுவும் செய்திருக்க முடியாது. சேறும் சாக்கடையும் கலந்த நீர் வடிந்தாலும் வண்டல் உள்ளே தங்கிவிடும். பழைய கார் வாங்குகிறவர்கள் விற்பவரின் சம்மதத்தோடு ஒரு டோர் பேடைக் கழற்றச் சொல்லி, ஸ்பீக்கர் கூட்டின் பின்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டையும் கார்பெட்டையும் மாற்றிப் பாலிஷ் போட்டவர்கள்கூட அந்த இடத்தை விட்டுவைத்திருக்கலாம். காய்ந்த சேற்றுக் கோடு அங்கே தெரிந்தால், அந்தக் காரை வாங்காதீர்கள்.