பழைய ஆலையும் புதிய தொழிலும்

ஒரு தொழில் நலிந்து மறைந்த பின்னர், அது நடைபெற்ற கட்டடத்தை என்ன செய்வது? கைத்தொழிலால் வளர்ந்த நகரங்கள் யாவும் என்றோ ஒருநாள் இவ்வினாவுக்கு விடை காண வேண்டியிருக்கிறது. கொழும்பு மாநகரமும் அதற்கு விலக்கன்று.

கொழும்பில் இவ்வினாவுக்கு இருவேறு விடைகள் கிடைத்துள்ளன. வெள்ளவத்தை நூற்பு நெசவாலை ஒரு காலத்தில் இலங்கையின் பெயர்பெற்ற ஆலையாக விளங்கிற்று. 1933ஆம் ஆண்டில் அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தமும், அதில் கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் கொண்ட பங்கும் நாட்டின் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றவை. இன்று அவ்வாலை நின்ற நிலத்தில் ‘ஹவ்லொக் சிற்றி’ என்னும் அடுக்குமாடி வீட்டுத்தொகுதி எழுந்து நிற்கிறது. ஆலையின் சுவடு அங்கு இல்லை.

மற்றைய விடையை நகரின் வடகிழக்கே, ஒருகொடவத்தைப் பக்கத்திற் காணலாம். எண்ணெய்த் தாங்கிகள், கொள்கலன் முற்றங்கள், பாரவண்டிகள் என்பன நிறைந்த சூழல் அது. பேஸ்லைன் வீதி என்று மக்கள் வழங்கும் டாக்டர் டானிஸ்டர் டி சில்வா மாவத்தையில், முன்னர் நெசவாலை இயங்கிய வளவிலே ‘ஓரியன் சிற்றி’ என்னும் தகவல் தொழில்நுட்ப வளாகம் அமைந்துள்ளது. மருதானையிலும் திரிப்போலிச் சந்தையின் பழைய பண்டகசாலைகள் புதுக்கப்பட்டு, ‘ட்ரேஸ் எக்ஸ்பேர்ட் சிற்றி’ என்னும் பெயரில் மென்பொருள் நிறுவனங்களுக்கு இடமளிக்கின்றன. 1977இன் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து வெளிநாட்டுத் துணிகள் வந்து குவிந்தபோது உள்ளூர் நெசவுத்தொழில் தளர்ந்தது. அதே திறந்த சந்தைதான் பின்னர் பிறநாடுகளுக்கு மென்பொருள் ஆக்கிக் கொடுக்கும் தொழிலுக்கும் வழிவிட்டது.

பழைய ஆலைக் கட்டடம் புதிய தொழிலுக்குப் பொருந்துவதற்குக் காரணங்கள் உண்டு. இடைவிடாது அதிரும் பொறிகளைத் தாங்குமாறு அதன் தளம் உறுதியாக இடப்பட்டது. கூரை உயர்ந்தது, இடைச்சுவர்கள் குறைவு. ஆதலின் மேசைகளையும் கூட்ட அறைகளையும் வேண்டியவாறு அமைத்துப் பின்னர் மாற்றவும் இயலும். நிற்கும் தூண்களையும் சுவர்களையும் பயன்படுத்தினால் புதிய சீமெந்துக்கும் உருக்குக்கும் ஆகும் செலவு குறைகிறது. அவற்றை ஆக்குவதற்கு எரிக்கும் எரிபொருளும் மிஞ்சுகிறது.

எனினும், ஆலைக்கு வேண்டியது வேறு, கணினிக்கு வேண்டியது வேறு. காற்றில் ஈரம் குறைந்தால் பருத்தி நூல் எளிதில் அறும்; ஆகவே நூற்பாலைகளில் ஈரத்தை வேண்டுமென்றே பெருக்கினர். கணினிக்கோ மிகையான ஈரம் பகை. உயர்ந்த கூரையின் கீழுள்ள காற்று முழுவதையும் குளிரூட்டப் புகுந்தால் மின்கட்டணம் கட்டி மாளாது. எனவே கூரையின் அடியில் வெப்பத் தடுப்புப் போர்வை பொருத்துவதும், மனிதர் அமரும் உயரத்துக்கு மட்டும் குளிர்காற்றைச் செலுத்துவதும் விவேகமாகும்.

ஒளியும் சிந்தித்தற்குரியது. வாள்பல் வடிவக் கூரை இங்கிலாந்தின் நெசவாலைகளிற் பரவலாக அமைந்தது. அங்கு வடக்கு நோக்கிய கண்ணாடி வழியே நேர்வெயில் பெரும்பாலும் புகுவதில்லை. நிழலற்ற மென்மையான ஒளியே வரும். கொழும்போ நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 7 பாகை வடக்கேயே உள்ளது. சித்திரை தொடக்கம் ஆவணி வரையான காலத்தின் பெரும்பகுதியில் நண்பகற் சூரியன் இங்கு வடபுறமாக நிற்கும். ஆகவே இங்கிலாந்தின் முறையை அப்படியே கைக்கொண்டால், கணினித் திரையில் வெயில் விழுந்து கண்ணைக் கூசச் செய்யும். கண்ணாடிக்கு மேல் நிழற்பலகை அமைப்பது இன்றியமையாதது.

மின்சாரமும் வெள்ளமும் அடுத்துக் கவனிக்கத்தக்கவை. 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததையும், மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் தேடி அலைந்ததையும் இலங்கை மக்கள் மறந்திலர். களனி கங்கையின் தாழ்நிலமோ வெள்ளத்துக்கு உரியது. 2016 வைகாசியில் அயலிலுள்ள கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கின. ஆதலின் மின்விசைப் பலகைகளையும் மின்கலங்களையும் தரைத்தளத்தில் வைப்பது அறிவுடைமையாகாது. வெள்ளம் எட்டாத உயரத்தில் அவை இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலானது உயிர்ப் பாதுகாப்பு. பழைய கூரைத் தகடுகள் அஸ்பெஸ்டஸ் கொண்டவையாயின், அவற்றை உடைத்து எறிதல் ஆகாது. நுண்ணிய நார் சுவாசப்பையிற் புகுந்து பல ஆண்டுகள் கழித்தும் கொடிய நோயை விளைவிக்கும். தகடுகளை நனைத்து, முழுமையாகக் கழற்றி, மூடிக் கட்டி அகற்ற வேண்டும். தூண்களுக்குள் உள்ள கம்பி துருப்பிடித்துள்ளதா என்று சோதித்த பின்னரே மேலே இடைத்தளம் எழுப்பலாம். தீயிலிருந்து தப்பும் வழிகள் எத்துணை முக்கியமானவை என்பதை மும்பை கமலா மில் வளவு உணர்த்திற்று. அலுவலகங்களும் உணவகங்களும் நிறைந்த இடமாக மாறிய அவ்வாலை வளவில் 2017 மார்கழியில் மூண்ட தீ 14 உயிர்களைக் குடித்தது. சுவருக்குப் பூசிய புதுவண்ணம் அங்கு எவரையும் காக்கவில்லை.

கட்டடம் இவ்வாறு திருந்திய பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஆலைச் சங்கு ஊதிய காலத்தில் தறியில் நின்றவர்களுட் பலர் நடந்து வரும் தொலைவிற் குடியிருந்தோர். இன்று வளாகத்தின் வாயிலில் அடையாள அட்டை காட்டி உள்ளே செல்வோர், பெரும்பாலும் பல்கலைக்கழகப் படிப்பும் ஆங்கிலத் தேர்ச்சியும் பெற்றோர். மதிலுக்கு வெளியே வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உள்ளே காவலும் துப்புரவுமே கிடைக்குமாயின், கட்டடம் பிழைத்தும் ஊர் பிழைத்ததாகாது. ஒருகொடவத்தையிலேயே தொழிற்பயிற்சி நிலையங்கள் இயங்குகின்றன. அவற்றுக்கும் வளாக நிறுவனங்களுக்கும் இடையே பயிற்சி இடங்கள், மாலை வகுப்புகள் முதலியவற்றால் நிலையான தொடர்பு ஏற்படுமாயின், அயல்வீட்டுப் பிள்ளையும் அந்த வாயிலை ஒரு தொழில் வல்லவனாகவோ வல்லவளாகவோ கடக்க முடியும். பழைய ஆலையைப் புதுக்குவோர் தூண்களின் பலத்தோடு இதனையும் கணக்கிற் சேர்த்துக்கொள்வாராக.