சைனாடவுனில் ஒரு பெரியாச்சி

செருப்பை வெளியே விட்டுவிட்டு என் பின்னாலேயே வாருங்கள். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் உங்களைக் கூட்டிப் போவது உள்ளே, பெரியாச்சி அம்மனிடம். மடியில் ஒருத்தியைக் கிடத்தி, காலடியில் ஒருவனைப் போட்டு மிதித்தபடி, ஒரு கையில் மட்டும் பச்சைக் குழந்தையை ஏந்தியிருக்கிறாளே, அவள்தான். பிரசவத்துக்கும் பிறந்த பிள்ளைக்கும் காவல்காரி. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், சற்று நேரத்தில் வேண்டியிருக்கும்!

இந்தக் கோயிலை 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழுப்பியவர் நாராயண பிள்ளை. 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் துறைமுகத்தை நிறுவிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலேறி வந்தவர். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை வைத்தார். கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை போட்டார். கடை தீயில் போனது, கடன் ஏறியது, மறுபடியும் எழுந்து நின்றார். சூளை, கடை, கடன், நிலம் என்று பதிவுகள் எல்லாம் அவருடைய கடைவாசல் வரை நம்மைக் கொண்டுபோய் விடுகின்றன. எனக்கோ அடுப்படியும் தொட்டிலும் பார்க்க ஆசை!

அதற்காக ஐந்தே நிமிடம் நடந்தேன், தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு. அந்தக் காலத்தில் கடலே அந்தத் தெருவோரம்தான். 1828க்கும் 1830க்கும் இடையில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா அங்கே நிற்கிறது. கடல் தாண்டி வந்த கையோடு ஊர்ப் பெயரையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நாகூர் என்றதும் எனக்கு முன்ஷி அப்துல்லா நினைவு வந்தது. ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்தவர், நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று பேர் வாங்கியவர். 2019இல் ஆற்றங்கரை ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் சில காலம் சிலைகள் வைத்தார்களே, அதில் நாராயண பிள்ளையும் அப்துல்லாவும் இருந்தார்கள். அப்துல்லா 1843இல் எழுதி முடித்து, 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த தன்வரலாறுதான் 'ஹிக்காயத் அப்துல்லா'. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடி விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 11ஆம் மாடிக்கு ஓடினேன்.

முதல் அத்தியாயத்தைக்கூடத் தாண்டவில்லை. அவருடைய பாட்டனாரின் அப்பா ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கேயே பெண் எடுத்தவர். பாட்டனார் முகம்மது இப்ராஹீம் மலாக்காவுக்கு வந்து மணந்தது ஷேக் மீரா லெப்பையின் மகளை. அவள் பெயர் ஆங்கில எழுத்தில் இரண்டு துண்டாகக் கிடந்தது: பெரி, ஆச்சி.

பெரியாச்சி! நூலகம் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டேன். அது அவளுக்கு வைத்த பெயரா, வீட்டில் மூத்தவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே நிலைத்த பெயரா? கூப்பிட்ட பெயர்தான் என்று என் மனம் அடித்துச் சொல்கிறது. யாரோ ஒரு பேத்தியின் குரல் அந்தப் பக்கத்திலிருந்து கேட்பது போலவே இருந்தது.

அதற்கு மேல் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. அப்துல்லாவுக்கு முன்னால் பிறந்த நான்கு அண்ணன்மாரும் குழந்தைகளாகவே இறந்துபோனார்கள். அம்மா சலாமா அழுதுகொண்டே இருக்கிறாள். ஐந்தாவதாக இவர் பிறக்கிறார், இவரும் நோஞ்சான். அதனால் பிள்ளைகள் நிறைந்த வீடுகளுக்கு இவரை ஒப்புக்கு 'விற்கிறார்கள்'. அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் பலர் பால் கொடுத்து வளர்க்கிறார்கள். தவிட்டுக்கு விற்று வாங்கி, பிச்சை என்றும் குப்பு என்றும் பெயர் வைத்த நம் பாட்டிமார்களின் அதே பயம், அதே தந்திரம்!

பையன் வளர்ந்ததும் அப்பா அவரைத் தமிழ் படிக்க அனுப்புகிறார், இரண்டரை ஆண்டுகள். மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அப்போது வழக்கம். கணக்கு எழுதவும் வியாபாரம் பேசவும் அது வேண்டியிருந்தது. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தையை அ, ஆ எழுதும் சிறுவனாக ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்!

கடைசியாக ஒன்று. குறிப்பேட்டில் வம்சத்தை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஏமனிலிருந்து வந்தவர் அப்துல் காதிர். அவர் மகன் முகம்மது இப்ராஹீம், பெரியாச்சியின் கணவர். அவர்கள் மகன், அதாவது அப்துல்லாவின் அப்பா, மறுபடியும் அப்துல் காதிர். 1840இல் பிறந்து பின்னாளில் ஜோகூர் சுல்தானின் அரசவையில் உயர்ந்த பதவிக்கு வந்த அப்துல்லாவின் மகனோ, மறுபடியும் முகம்மது இப்ராஹீம். முதலில் பாட்டன் பெயர் பேரனுக்கு, பிறகு பூட்டன் பெயர் கொள்ளுப்பேரனுக்கு. பெரியாச்சி மாமனார் பெயரைத்தான் தன் மகனுக்கு வைத்திருக்கிறாள். அப்படியானால் வீட்டில் அவனை எப்படிக் கூப்பிட்டிருப்பாள்? மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 'தம்பி' என்றுதான் கூப்பிட்டிருப்பாள்.