மனைவியின் கூலி எவருக்குச் சொந்தம்?

கூட்டுறவின் தாயகமென நாம் போற்றும் ராக்டேல் நகரில், 1844ஆம் ஆண்டில் முன்னோடிகள் 28 பேர் கடை திறந்தபொழுது, பெண்கள் அங்கத்தினராவதற்கு அவர்கள் தடை விதிக்கவில்லை. சங்கத்தின் நிலை அவ்வாறிருக்க, நாட்டின் சட்டமோ வேறாக இருந்தது. மணமான பெண் செலுத்திய பங்குத் தொகையும், கொள்முதலின்மேல் அவளுக்குச் சேர்ந்த லாப ஈவும் சட்டப்படி கணவனுடையவை. இம்முரண்பாடு நீங்கிய வரலாற்றை அங்கத்தினர்கள் அறிதல் நலம்; அதை நீக்கிய சட்டத்தில் நம் போன்ற சங்கங்களுக்கென்றே ஒரு பிரிவு அமைந்திருந்தது.

மணத்திற்குப்பின் கணவனும் மனைவியும் ஓராள் என்பது இங்கிலாந்தின் பழைய சட்டம். அந்த ஓராள் கணவனே! மனைவி கொண்டுவந்த ரொக்கம், தட்டுமுட்டுச் சாமான்கள் யாவும் அவனைச் சேர்ந்தன. அவளுடைய நிலத்தை அவள் சம்மதமின்றி விற்க இயலாதெனினும், அதன் வருமானம் அவனுக்கே உரியது. லங்காஷயர் ஆலையில் தறியோட்டி அவள் ஈட்டிய வாரக் கூலியும் அவனுடையதே. அக்கூலியில் வாங்கிய பண்டங்களை அவனுடைய கடன்காரர் ஜப்தி செய்யலாம். செல்வர் வீட்டுப் பெண்களுக்கு இத்துன்பம் குறைவு. தகப்பன் வக்கீலைக் கொண்டு தர்மகர்த்தாக்கள் பெயரில் சொத்தை எழுதிவைப்பான். சான்சரி நீதிமன்றம் அதனைக் காக்கும். பத்திரச் செலவுக்கு வழியற்ற நெசவுக்காரிக்கு இப்பாதுகாப்பு ஏது?

1856ஆம் ஆண்டில் பெண்கள் பல்லாயிரவர் கையொப்பமிட்ட விண்ணப்பங்கள் பார்லிமெண்டை அடைந்தன. மறு ஆண்டில் கிடைத்த நிவாரணம் சிறிது. கணவனால் கைவிடப்பட்டவள் மட்டும் நீதிமன்ற உத்தரவு பெற்றுத் தன் சம்பாத்தியத்தைக் காத்துக்கொள்ளலாம் என்றாயிற்று.

1870ஆம் ஆண்டுச் சட்டமே முதற் பெரும் படி. அதன்பின் மனைவி ஈட்டும் கூலி அவளது தனிச்சொத்து ஆயிற்று. அதன் ஐந்தாம் பிரிவை நாம் மிகுந்த ஆர்வத்துடன் படித்தோம். மணமான பெண் தன் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு எழுத்துமூலம் மனுச் செய்து, தன் பங்கைத் தன் பெயரிலேயே தனிச்சொத்தாகப் பதியச் செய்யலாம் என்கிறது அது. பங்கின்மேல் பொறுப்பு எதுவும் நிலுவையாக இருத்தல் கூடாது. கணவனுடைய பணத்தை அவன் சம்மதமின்றி எடுத்து வாங்கியிருந்தால், அவன் நீதிமன்றம் சென்று அதனைப் பெறலாம். மற்றபடி, பேரேட்டில் உள்ள பெயரே உரிமைக்குச் சான்று. குமாஸ்தாவின் ஒரு வரிப் பதிவுக்கு எத்துணை வலிமை!

அச்சட்டத்தில் ஒரு வேடிக்கையான குறையும் இருந்தது. மணத்திற்கு முன் மனைவி பட்ட கடனுக்குக் கணவன் பொறுப்பல்லன் என்றனர். அவள் கொண்டுவந்த பொருள்களோ பெரும்பாலும் அவனிடமே சேர்ந்தன. கடன் கொடுத்த வணிகர் கைவிரிக்க நேர்ந்தது. நான்கே ஆண்டுகளில், 1874இல், பார்லிமெண்டு அதனைத் திருத்திற்று. பெண்கள் முழு உரிமை பெற 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தனர். 1883 ஜனவரி முதல் நாளன்று அது அமுலுக்கு வந்தபின்னரே, மணமானவள் தன் சொத்து அனைத்தையும் தானே வைத்தாளவும், தன் பெயரில் வழக்காடவும் தகுதி பெற்றாள்.

எனினும் நெசவாளர் கவனிக்கத்தக்க சொற்கள் அச்சட்டங்களில் உள. கணவனைச் சாராது தனியே செய்யும் தொழிலின் வருவாயே அவளுடையது என்றன அவை. இங்கிலாந்தைப் பின்பற்றி 1874இல் இந்தியாவில் இயற்றிய மணமான பெண்டிர் சொத்துச் சட்டமும், கணவனுடையதல்லாத அவளது தொழிலையே குறித்தது. அப்பொழுது இந்துக்கள், முஸ்லிம்கள் உள்ளிட்ட பெரும்பாலோரை விலக்கியும் வைத்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, இந்துப் பெண் தன் திறமையாலும் உழைப்பாலும் ஈட்டிய சொத்து அவளுக்கே முழு உரிமை என்றது.

ஆயின் கணவன் தறிக்கு மனைவி தார் சுற்றி, பாவு ஓட்டி, கூலி முழுவதும் அவன் பெயரில் பற்றெழுதப்படும் வீட்டில், அவளது பங்கு இவ்வளவு எனக் காட்டச் சங்கப் பதிவேட்டில் ஒரு வரியும் இராது. தனித்தறியில் நெய்யும் பெண்கள் தம் பெயரிலேயே அங்கத்தினராக மனுச் செய்து, கூலியையும் தம் கணக்கில் பற்றெழுதச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.