பழைய வேனில் மலைப் பயணம்: எஞ்சினை ஆயத்தம் செய்வது எப்படி?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் தோட்டப்புறங்களில் ஒரு பேச்சு எழும். கேமரன் மலைக்குப் போய்வரலாமா என்பதே அது. தேயிலைத் தோட்டத்தில் வாழும் உறவினர் வீட்டுத் திருமணமாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு மலைக்குளிரைக் காட்ட வேண்டும் என்ற ஆசையாகவும் இருக்கலாம். லயத்தில் யாரேனும் ஒருவரிடம் பழைய வேன் ஒன்று இருக்கும். அன்றாடம் பட்டணத்துக்கும் சந்தைக்கும் ஓடும் அந்த வேனே மலைக்கும் புறப்படும்.

புறப்படுவதில் தவறில்லை; ஆயத்தமின்றிப் புறப்படுவதே தவறு. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலையில், முன்னிருக்கையைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஆவி பறக்கும் எஞ்சினைச் சுற்றிப் பெரியவர்கள் கவலையோடு நிற்பதையும், கைக்குழந்தைகளுடன் தாய்மார் சாலையோரத்தில் அமர்ந்திருப்பதையும் நாம் பலமுறை கண்டதுண்டு.

"பத்து ஆண்டுகளாக இந்த வண்டி ஒருநாளும் மக்கர் செய்ததில்லையே!" என்று வண்டிக்காரர் வியப்பார். அவர் சொல்வது பொய்யன்று. நமது தாழ்நிலத்தின் வெப்பம் எஞ்சினின் பல குறைகளை மறைத்து வைக்கிறது. மலையின் ஏற்றமும் குளிரும் அவற்றை ஒரே நாளில் வெளிப்படுத்திவிடுகின்றன. ஆகவே, மலை காட்டிக்கொடுக்கும் முன்னர் அக்குறைகளை நாமே கண்டறிந்து நீக்கிக்கொள்வதுதான் அறிவுடைமை.

மலையில் என்ன மாறுகிறது?

தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவு. இந்தத் தொலைவுக்குள் சாலை எண்ணற்ற வளைவுகளோடு 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தை எட்டிவிடுகிறது. அங்கே பகலில்கூட வெப்பநிலை 25 பாகையைத் தாண்டுவது அரிது. இரவில் 15 பாகை அளவுக்கும், சில நாட்களில் அதற்குக் கீழும் இறங்கும்.

இதனால் மூன்று மாறுதல்கள் நேர்கின்றன. முதலாவதாக, காற்று மெலிகிறது. எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவதால் இழுவையும் அந்த அளவுக்குக் குறைகிறது. இரண்டாவதாக, திறந்த பாத்திரத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர் அங்கே 95 பாகையிலேயே கொதிக்கத் தொடங்குகிறது. மூன்றாவதாக, எண்ணெய் கெட்டிப்படுகிறது. இதற்குச் சான்று வேண்டுமாயின் சமையலறைக்குச் சென்றால் போதும். தோட்டத்தில் தண்ணீர்போல் ஓடும் தேங்காய் எண்ணெய், மலையில் வாழும் உறவினர் வீட்டில் வெள்ளையாய் உறைந்து கிடக்கும். ரப்பர்ப் பால் விடியற்காலைக் குளிரில் நன்கு வடியும் என்பதைத் தொழிலாளர்கள் அறிவர். எஞ்சின் எண்ணெயின் இயல்போ இதற்கு நேர்மாறானது. குளிரக் குளிர அது மந்தமாகவே ஓடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?

பழைய வேன்களில் நாம் அடிக்கடி காணும் குறை இதுவே. வண்டி ஒருமுறை சூடேறிவிட்டால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது சிலருடைய வழக்கம். "வெயில் நாட்டுக்கு இது எதற்கு?" என்பது அவர்கள் வாதம்.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள ஒரு சிறு கதவு. அதனுள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து, பெரும்பாலான வண்டிகளில் 82 பாகையையொட்டிக் கதவைத் திறக்கும். அதுவரை நீரை எஞ்சினுக்குள்ளேயே நிறுத்தி, எஞ்சின் விரைவில் உரிய சூட்டை அடையச் செய்யும். இக்கதவு இல்லாவிட்டால் குளிர்ந்த நீர் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மலைக்குளிரில், அதிலும் இறக்கத்தில், எஞ்சின் உரிய சூட்டை எட்டவே எட்டாது. அப்போது பெட்ரோல் முழுமையாக ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரில் படிந்த எண்ணெயைக் கழுவிவிடும், தேய்மானம் பெருகும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய்போல் வெண்மையான பசை படிந்திருந்தால், எஞ்சினுக்குள் ஈரம் தங்குகிறது என்று பொருள். தெர்மோஸ்டாட்டைப் பொருத்திய பின்னரும் அப்பசை தொடர்ந்து படியுமாயின், சிலிண்டர்த் தலையின் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டாமல் மலையேறக் கூடாது.

தெர்மோஸ்டாட்டை வீட்டிலேயே சோதிக்கலாம். கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, ஒரு பழைய பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடேற்ற வேண்டும். நீர் கொதிப்பதற்குச் சற்று முன்னர் அது திறக்கும், ஆறியதும் மூடிக்கொள்ளும். அவ்வாறு செய்யாவிட்டால் புதியது வாங்கிப் பொருத்துக. சூடேறும் வண்டிக்கு மருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதன்று. சூடேறுவதற்கான காரணத்தைக் கண்டறிந்து நீக்குவதே மருந்து.

ரேடியேட்டரும் மூடியும்

அக்காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரில்தான் இருக்கும். உள்ளிருக்கும் நீர் செம்மண் நிறமாக இருந்தால் துரு சேர்ந்துவிட்டது என்று அறியலாம். அதனை வெளியேற்றிக் கழுவி, குளிர்விப்புத் திரவத்தையும் தூய நீரையும் சரிபாதியாகக் கலந்து நிரப்ப வேண்டும். நமது மலையில் நீர் உறைவதில்லை. பின் இத்திரவம் எதற்கு என்று கேட்கலாம். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது.

ரேடியேட்டர் மூடியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அது வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைக் காத்து, நீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருக்கச் செய்யும் கருவி. அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. ஏற்றத்தின் நடுவே நீர் பொங்கி வெளியேறிவிடும். மின்விசிறி வாரையும் கவனிக்க வேண்டும். அதன் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அமிழ வேண்டும். அதற்கு மேல் அமிழ்ந்தால் இறுக்குக. வெடிப்பு இருந்தால் மாற்றுக.

எண்ணெயும் பேட்டரியும்

எண்ணெய்த் தகரத்தின்மீது 20டபிள்யூ-50 என்பது போன்ற எண்களைக் காண்கிறோம். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் எண்ணெய் எளிதாக ஓடும். பின்னுள்ள எண், சூட்டில் அதன் கெட்டித் தன்மையைக் காட்டும். பனி பெய்யும் நாடுகளில் முதல் எண் சிறியதாக இருப்பது இன்றியமையாதது. கேமரன் மலைக் குளிருக்கு, பழைய எஞ்சின்களுக்கு வழக்கமாக ஊற்றும் 20டபிள்யூ-50 எண்ணெயே போதும். ஆனால் அது புதியதாக இருக்க வேண்டும். கறுத்துக் கெட்டியான எண்ணெயோடு மலையேறக் கூடாது. எண்ணெயை மாற்றும்போது வடிகட்டியையும் சேர்த்து மாற்றுவது நன்று.

பேட்டரியைக் கெடுப்பது வெயில்; காட்டிக்கொடுப்பது குளிர். தாழ்நிலச் சூட்டில் சிறிது சிறிதாக நலிந்த பேட்டரி, தோட்டத்தில் எப்படியோ எஞ்சினை இயக்கிவிடும். மலையில், எண்ணெய் கெட்டிப்பட்டு எஞ்சின் சுழல மறுக்கும் விடியற்காலையில், பேட்டரியின் வலிமையும் குறைந்திருக்கும். ஓரிரவு ஓய்வுக்குப் பின் அளவுகருவியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்துள்ளது. 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மின்னேற்றம் செய்து மீண்டும் சோதிக்க வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் வெண்தூளை வெந்நீரால் கழுவித் துடைத்து இறுக்குக.

பிளக்குகளைக் கழற்றித் துப்புரவு செய்தோ மாற்றியோ கொள்ள வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் கம்பிகளிலும் வெடிப்பு இருந்தால், மலை மூடுபனியின் ஈரம் புகுந்து மின்பொறியைத் திசைதிருப்பிவிடும். காற்று வடிகட்டியை மாற்றுவதும் நன்று. மெலிந்த காற்றில் கார்புரேட்டர் கொடுக்கும் பெட்ரோல் சற்று மிகுதியாகிப் புகை கறுப்பாக வரலாம். அதற்காக மலைமீது கார்புரேட்டரைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்துவிடக் கூடாது. கீழே இறங்கியதும் அதே எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் அளவுக்கு மீறிச் சூடேறி வால்வுகள் கருகக்கூடும்.

உயிரைக் காக்கும் சோதனை

இதுவரை கூறியவற்றை ஒருவர் தவறவிட்டால் வண்டி நிற்கும், பணம் செலவாகும். இனிக் கூறப்போவதைத் தவறவிட்டால் உயிரே போகும்.

பழைய வேன்கள் பலவற்றில் எஞ்சின் முன்னிருக்கையின் அடியிலேயே அமைந்துள்ளது. புகைபோக்கிக் குழாயில் ஓட்டை இருந்தாலும், எஞ்சின் மூடியின் ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தாலும், புகை வண்டிக்குள் கசியும். அப்புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தாழ்நிலத்தில் நாம் சன்னல்களைத் திறந்துவைத்து ஓட்டுவதால் ஆபத்து தெரிவதில்லை. மலையிலோ குழந்தைகளுக்குக் குளிரும் என்று எல்லாச் சன்னல்களையும் அடைத்துவிடுகிறோம்.

ஆகவே பயணத்துக்கு முன்னர், வண்டியை உயர்த்திப் புகைக்குழாய் முழுவதையும், இணைப்புகளையும் பட்டறையில் சோதிக்கச் செய்க. கிழிந்த ரப்பர் விளிம்பை மாற்றுக. பயணத்தின்போது யாருக்கேனும் தலைவலி, மயக்கம், குமட்டல் ஏற்பட்டால், அது மலைவளைவுகளால் வந்த தலைசுற்றல் என்று வாளா இருந்துவிடக் கூடாது. உடனே வண்டியை நிறுத்தி, எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். நினைவு தடுமாறினால் 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். தங்குமிடம் கிடைக்காமல் வண்டியிலேயே இரவைக் கழிக்க நேர்ந்தால், குளிருக்கு அஞ்சி எஞ்சினை ஓடவிட்டு ஒருபோதும் உறங்கக் கூடாது. கம்பளி போதுமானது, எஞ்சின் அடுப்பன்று.

ஏறும்போதும் இறங்கும்போதும்

பழுதுகளை நீக்கும் பணியைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னரே முடித்துவிட வேண்டும். பின்னர் ஆட்களை ஏற்றாமல் 50 அல்லது 60 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் எஞ்சிய குறைகள் தெரியவரும். புறப்படும் நாளில் ஐந்து லிட்டர் நீர், மாற்று விசிறி வார், கைவிளக்கு, எச்சரிக்கை முக்கோணம், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டை ஆகியவை உடனிருக்கட்டும். வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்ற வேண்டாம்.

ஏற்றத்தில் எஞ்சின் திணறும் முன்னரே கியரைக் குறைக்க வேண்டும். வெப்பமானியின் முள் ஏறினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துக. சூடான ரேடியேட்டரின் மூடியைத் துணி கொண்டும் திறக்கக் கூடாது. அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, கையால் தொடும் அளவுக்கு ஆறிய பின்னரே திறக்க வேண்டும்.

மலையில் விடியற்காலையில் சோக்கை இழுத்து எஞ்சினை இயக்குக. எஞ்சின் பிடிக்காவிட்டால் சாவியைத் தொடர்ந்து திருகாமல், சற்று நேரம் விட்டுவிட்டு முயல வேண்டும். பிடித்ததும் உறுமவிடலாகாது. அரை நிமிடம் பொறுத்து, மெதுவாக ஓட்டிச் செல்கையிலேயே எஞ்சின் சூடேறட்டும். சூடேறச் சூடேறச் சோக்கைத் தள்ளிவிட வேண்டும்.

மலையேற்றுவது மட்டும் எஞ்சினின் கடமையன்று. பத்திரமாக இறக்குவதும் அதன் கடமையே. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பெட்ரோலை மிச்சம்பிடிக்க எண்ணி நியூட்ரலில் உருளவிடுவோர் உளர். அவ்வாறு செய்தால் வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின்மீது விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் அதையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெட்டுக்குப் போகும் முன் உளியைத் தீட்டாத தொழிலாளி இல்லை. மழுங்கிய உளி மரத்தைக் காயப்படுத்தும் என்பதை அவர் அறிவார். வண்டியும் ஒரு கருவியே. ஆனால் அதனுள் அமர்ந்திருப்பவர்கள் நம் மனைவி மக்களும், பெற்றோரும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஆவர். இரண்டு வாரம் முன்னதாக நாம் காட்டும் அக்கறை, அவர்கள் அனைவரையும் மலையின் அழகைக் கண்ட மகிழ்ச்சியோடு லயத்து வாசலில் மீண்டும் கொண்டுவந்து சேர்க்கும்.