பால் கணக்கும் கணினிக் கட்டைகளும்

கணக்கறிவு கிராம வாழ்வுக்குப் புதியதன்று. நெல் அளப்பதிலும், பால் ஊற்றுவதிலும், கூலி கொடுப்பதிலும் நாள்தோறும் நாம் கூட்டியும் பெருக்கியும் வருகிறோம். இக்கணக்குகளுள் பல இன்று கணினியின் பொறுப்பில் உள்ளன. சீட்டில் அச்சாகி வரும் தொகை எவ்வாறு வந்தது என்பதை அறியாதவர், அதனை அப்படியே ஏற்க வேண்டியவராகிறார். ஆகவே, கணினிக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கும் முறையை நம் பிள்ளைகள் இளமையிலேயே பயில்தல் நலம்.

இதற்கு உதவும் எளிய சாதனங்களுள் ஒன்று ஸ்கிராட்ச். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழுவினர் இதனை உருவாக்கி, 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதற்கு விலை கிடையாது. கணினியில் ஒருமுறை பதிந்துவிட்டால், இணைய இணைப்பின்றியும் இயங்கும். கட்டளைகளை எழுத வேண்டுவதில்லை. திரையிலுள்ள வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் போதும்.

கணக்குக் குறிகள்

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கிற்கும் பச்சை நிறக் கட்டைகள் உள்ளன. பெருக்கலை நட்சத்திரக் குறியும், வகுத்தலைச் சாய்கோடும் குறிக்கும். ஒவ்வொரு கட்டையிலும் எண்களை இடுவதற்கு இரண்டு குழிகள் உண்டு. ஒரு குழியில் மற்றொரு கட்டையையே வைக்கலாம். அவ்வாறு உள்ளே வைத்த கட்டையின் கணக்கே முதலில் நடைபெறும்.

எமது ஒன்றியத்துப் பள்ளி ஒன்றில் இப்பாடம் நடந்தபோது நாமும் உடனிருந்தோம். காலையில் 3 லிட்டர், மாலையில் 2 லிட்டர் பால். லிட்டர் விலை 36 ரூபாய் என்று ஆசிரியர் கணக்குக் கொடுத்தார். கூட்டல் கட்டையைப் பெருக்கல் கட்டைக்குள் வைத்தவர்களுக்கு 180 ரூபாய் வந்தது. பெருக்கலைக் கூட்டலுக்குள் வைத்தவர்களுக்கு 75 ரூபாயே வந்தது. மாலைப் பாலுக்கு மட்டும் விலை போட்டு, அதனோடு காலைப் பாலின் 3 லிட்டரை 3 ரூபாய் போலக் கூட்டியதால் வந்த பிழை அது. "எங்கள் வீட்டுப் பாலுக்கு 105 ரூபாய் குறைகிறதே!" என்று ஒரு சிறுமி கூறியதும், பாடம் அனைவருக்கும் விளங்கிவிட்டது.

குதிரும் மாறியும்

அடுத்தது 'மாறி'. பெயர் எழுதி வைத்த குதிர் போன்றது இது. உள்ளிருக்கும் அளவு மாறும், பெயர் மாறாது. ஒரு வேற்றுமை உண்டு. குதிரிலிருந்து நெல்லை எடுத்தால் குறையும். மாறியிலுள்ள எண்ணைக் கணக்கிற்கு எடுத்தாள்வதால் அது குறைவதில்லை.

மாறிக்குரிய கட்டைகளுள் இரண்டு முக்கியமானவை. 'செட்' என்பது குதிரைக் காலி செய்து புதிதாக நிரப்புவது. 'சேஞ்ச்' என்பது இருப்பதோடு சேர்ப்பது. மூன்று வீட்டார் 5, 8, 4 லிட்டர் ஊற்றினால் மொத்தம் 17 வர வேண்டும். 'சேஞ்ச்' வைக்க வேண்டிய இடத்தில் 'செட்' வைத்தால், கடைசி வீட்டாரின் 4 மட்டுமே எஞ்சும்.

தொடக்கத்தில் மாறியைச் சுழியமாக்க மறப்பதும் பிழையே. மாறி பழைய எண்ணைத் தன்னிடமே வைத்திருக்கும். அதனால் அதே கணக்கை இரண்டாம் முறை இயக்கினால் 17 என்பது 34 ஆகிவிடும். ஊற்றாத பாலும் கணக்கில் ஏறும்.

நாம் செய்ய வேண்டுவன

இம்மூன்றும் கணினி செய்த பிழைகள் அல்ல. இட்ட கட்டளையை அது வழுவாது நிறைவேற்றியது. கட்டளை இட்டவரே தவறினார். இவ்வுண்மையை உணர்ந்த பிள்ளை, நாளை எந்தச் சீட்டையும் கேள்வி கேட்காமல் ஏற்காது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் ஊர்ப் பள்ளியின் கணினிகள் இயங்குகின்றனவா என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும். விவசாயிகள் தங்கள் பால் கணக்கையும் உரக் கணக்கையும் பிள்ளைகளிடம் கொடுத்து, கட்டைகளால் போட்டுக் காட்டச் சொல்லலாம். முதலில் விடையைத் தாளில் போட்டு வைத்துக்கொண்டு, பின்னர்த் திரையில் வரும் விடையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் மகிழ்வோம். ஒவ்வாவிடில், எந்தக் கட்டை தவறிற்று என்பதைப் பிள்ளைகளோடு அமர்ந்து தேடுவோம்.